நெல் ரேக்கை வீட்டுக்குள் ஓட்டுவது: மாதிரி ரயில் லேஅவுட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் சுவரை ஒட்டிப் பலகை அடித்து ஒரு மாதிரி ரயில் லேஅவுட் வைத்திருக்கிறேன். அளவு எச்.ஓ., அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஒரு கோடியில் காவிரி டெல்டாவின் ஒரு சின்ன ஸ்டேஷனும் கூட்ஸ் ஷெட்டும். மறு கோடியில் சென்னைப் பக்கத்துக் கிடங்கு சைடிங். நடுவில் ஓடுவது நெல்லும் அரிசியும். பார்க்க வருகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

வந்து அரை மணி நேரம் ஆகிறது. ரயில் நகரவே இல்லையே?

லோடு ஆகிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெல் ரயிலின் வாழ்க்கையில் ஓடுவது சின்னப் பகுதி, நிற்பதுதான் பெரிய பகுதி. நம் ஊர் சரக்கு ரயில்களின் சராசரி வேகம் நெடுங்காலமாக மணிக்கு 25 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தது. என்ஜினுக்குத் தெம்பில்லாததால் அல்ல, வழியெல்லாம் லூப்பில், அதாவது பக்கத்துத் தடத்தில், ஒதுங்கி எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டதால்.

லோடிங் கணக்கைப் பாருங்கள். டெல்டா மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி: “42 வேகன்களில் 2,000 டன் நெல் அரவைக்கு அனுப்பி வைக்கப்பட்டது.” ஒரு வேகனுக்கு 47.6 டன். கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. அப்படியானால் வேகனுக்குச் சுமார் 1,190 சிப்பம், ரேக் (ஒரு ரயிலின் மொத்த வேகன் வரிசை) முழுக்க 50,000. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் தலையிலோ முதுகிலோ ஏறி இறங்குகிறது. லாரிக்குப் பத்து டன் என்று வைத்தாலும் ஷெட்டுக்கு 200 நடை. பட்டனைத் தட்டியதும் ரயில் கிளம்பிவிட்டால் இந்த 50,000 சிப்பமும் காணாமல் போய்விடும். என் லேஅவுட் பாதி நேரம் அசையாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். அந்த நேரத்தில் சும்மா இருப்பதில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

எந்த ரயிலை மாதிரியாக எடுத்துக்கொண்டீர்கள்?

இரண்டை. முதலாவது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வாங்கிய நெல்லை மற்ற மாவட்டத்து அரவை ஆலைகளுக்குக் கொண்டுபோகும் ரயில். இரண்டாவது, அரைத்த அரிசியைப் பொது விநியோகத் திட்டத்துக்காகக் கொண்டுபோகும் ரயில்.

இரண்டாவதற்கும் செய்திகளில் ஒரு வாடிக்கைக் கணக்கு உண்டு: “21 வேகன்களில் 1,250 டன் அரிசி.” வேகனுக்கு 59.5 டன். அரிசி மூட்டை 50 கிலோ. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் 1,190 மூட்டை! நெல் உமியோடு இருப்பதால் இடத்தை அடைக்கும், எடை ஏறாது. அரிசி அதே இடத்தில் கூடுதல் எடை பிடிக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. மனைவிக்கு வந்தது.

பருவமும் முக்கியம். குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பாவும் தாளடியும் ஜனவரி முதல் மார்ச் வரை. நெல் ரேக்குகள் வரிசைகட்டுவது இந்த மாதங்களில்தான். லேஅவுட்டின் மரங்கள், வயல்கள், வானத்தின் நிறம் எல்லாம் இதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தி வரும். பச்சை நாற்றங்காலைச் செய்துவிட்டுப் பக்கத்திலேயே நெல் ரேக்கை நிறுத்தினால் ஒரு தஞ்சாவூர்க்காரர் வந்து பார்க்கிற வரை தப்பிக்கலாம்.

டெல்டாவுக்கும் தானியக் கிடங்குக்கும் பழைய உறவு உண்டு. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறந்தது.

எந்த வேகன் சரி?

மூடிய வேகன். நம் ரயில்வேயில் பி.சி.என். குடும்பம். பி என்றால் போகி, சி என்றால் மூடியது, என் என்றால் காற்று பிரேக். பி.சி.என்.ஏ. வேகன் கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி) முதல் கப்ளர் வரை 14.45 மீட்டர், எச்.ஓ.-வில் 166 மில்லிமீட்டர். பிறகு வந்த பி.சி.என்.எச்.எல். குட்டை. நிஜத்தில் 10.96 மீட்டர், மாதிரியில் 126 மில்லிமீட்டர். சொந்த எடை குறைவு, சுமை அதிகம். அதில் 58 வேகன் ஒரு முழு ரேக், பழையதில் 42.

வேகனைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம். 1970-களைக் காட்ட வேண்டுமென்றால் நான்கு சக்கர சி.ஆர்.டி. வேகன்களும் பக்கவாட்டு பஃபர்களும் (மோதலைத் தாங்கும் முட்டுகள்) வேண்டும். பி.சி.என்.எச்.எல். வைத்துவிட்டு முன்னால் நீராவி என்ஜினை மாட்டினால் பார்க்க அழகுதான், ஆனால் நடந்திராத காட்சி. என் லேஅவுட் 2012-ல் நிற்கிறது. பொன்மலை ஷெட்டின் டபிள்யூ.டி.ஜி.3ஏ டீசல், 3,100 குதிரைத்திறன், பின்னால் பி.சி.என்.ஏ. வேகன்கள், கடைசியில் பிரேக் வேன், அதில் கார்டு. 2022 ஜனவரிக்குப் பிறகு அவர் பதவிக்கு ‘ட்ரெயின் மேனேஜர்’ என்று பெயர். என் ரயிலில் இன்னும் கார்டுதான்.

42 வேகனுக்கு என் வீட்டில் இடம் ஏது?

யார் வீட்டிலும் இல்லை. 42 பி.சி.என்.ஏ. எச்.ஓ.-வில் ஏழு மீட்டர் நீளம், என்ஜின் தனி. சென்னை ஃப்ளாட்டில் ஏழு மீட்டர் என்றால் ஹாலிலிருந்து கிளம்பி சமையலறை தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய் நிற்கும்.

என் தீர்வு எட்டு வேகன். எட்டு வேகனுக்கு 1.33 மீட்டர், என்ஜின் 20 செ.மீ., பிரேக் வேன் ஒரு சாண். லூப்பின் பயன்படு நீளம் 1.9 மீட்டர் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ரயிலைக் குறைத்தால் கூடவே வரும் மற்றதையும் குறைக்க வேண்டும். கூட்ஸ் ஷெட் மேடை நான்கு வேகன் நீளம், அப்போது ரயிலை இரண்டு துண்டாக வைத்து லோடு செய்ய வேண்டும். நிஜத்திலும் பாதி ரேக் வைக்கிற இடங்கள் உண்டு, ஆகவே இது பொய்யில்லை. ஷெட்டைப் பெரிதாகக் கட்டிவிட்டு எட்டு வேகனை நிறுத்தினால்தான் ரயில் பொம்மையாகத் தெரியும்.

முழு நீளம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ‘என்’ (N) என்ற சின்ன அளவுக்குப் போங்கள், 160-ல் ஒரு பங்கு. வேகன் 90 மில்லிமீட்டர், 42 வேகன் 3.8 மீட்டர். கண் நன்றாக இருக்க வேண்டும்.

தண்டவாள அகலம் தப்பாக இருக்கிறதே?

தப்புதான். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர், அதற்கு எச்.ஓ.-வில் 19.3 வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5, அது 1,435 மில்லிமீட்டர் பாதைக்கானது. நான் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்க ஹாப்பர் வேகன்கள் அழகாக ரெடிமேடாகக் கிடைக்கின்றன. அவற்றையே ஓட்டலாமா?

ஓட்டலாம், ஆனால் அது வேறு கதை. அங்கே தானியம் மூட்டையில் போவதில்லை. எலிவேட்டர் என்ற உயரமான தானியக் கிடங்கிலிருந்து குழாய் வழியாக ஹாப்பரின் மேல்வாயில் கொட்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் அடிவாயைத் திறந்தால் கீழே இறங்கிவிடும். நூறு வேகனுக்கு மேல் ஒரே ரயில், ஒரே சரக்கு. சணல் சாக்கும் கிடையாது, சாக்கு சுமக்கும் ஆளும் கிடையாது. அந்த வேகன்களை டெல்டா ஷெட்டில் நிறுத்தினால் லோடுமேன் எந்த வழியாக ஏற்றுவார்?

ஆனால் இந்த முறைக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பஞ்சாபின் மோகா சைலோவிலிருந்து (தானியத்தைக் கொட்டி வைக்கும் பெரிய கோபுரம்) மூட்டை கட்டாத கோதுமை, தனி ஹாப்பர் வேகன்களில் சென்னைப் பகுதிக்கு வருகிறது. இறங்குமிடம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர் சைலோ. அந்த வேகனின் பெயர் பி.சி.பி.எஃப்.ஜி. கையில் ஹாப்பர்கள் இருந்தால், அவற்றை நம் நிறத்துக்கு மாற்றிச் சைலோ சைடிங் ஒன்றைக் கட்டுவது நியாயமான வழி. ஆட்கள் குறைவு, நிற்கும் நேரம் குறைவு, எனக்கு ஆர்வமும் கொஞ்சம் குறைவு.

வேகன் மூடியிருக்கிறது. காலியா லோடா என்று எப்படித் தெரியும்?

தெரியாது. அதுதான் மூடிய வேகனின் சௌகரியம். நிலக்கரி ரயில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கரியைக் கொட்டி அள்ளித் தவிக்கும்போது நாம் ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டால் போதும். வேகனுக்கு ஒரு சீட்டு. ஒரு பக்கம் ‘காலி’, மறுபக்கம் சரக்கு, மூட்டை எண்ணிக்கை, போகுமிடம்.

கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்றால் கதவுகள். எட்டில் இரண்டு வேகனுக்கு மட்டும் கதவு திறந்த நிலையில் செய்து, உள்ளே மூட்டை அடுக்கைப் பொய்ச் சுவராக ஒட்டியிருக்கிறேன். அவை எப்போதும் ஷெட் மேடையிலேயே நிற்கும். ரயில் கிளம்பும் நேரத்தில் மூடிய கதவுள்ள இரண்டு வேகன்கள் அவற்றின் இடத்துக்கு வரும். இந்த ஏமாற்று வேலையை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

சரி, ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்?

மூன்று பேர் வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர், லோகோ பைலட், சரக்கு கிளார்க். கடிகாரத்தை 12 மடங்கு வேகமாக ஓட விடுகிறோம். நம் ஐந்து நிமிடம் அங்கே ஒரு மணி.

முதலில் கிளார்க் இண்டென்ட் போடுகிறார்: இத்தனை வேகன், இந்த சரக்கு, இந்த ஊருக்கு. காலி ரேக் மறைவு யார்டிலிருந்து, அதாவது பார்வைக்குத் தெரியாமல் ரயில்கள் காத்திருக்கும் தடங்களிலிருந்து, வருகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் அதை எந்த லைனில் வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் பாசஞ்சர் ஒன்று எதிரே வந்துகொண்டிருக்கும். ரேக்கை உடைத்து ஷெட் லைனில் வைத்ததும் கிளார்க் நேரத்தைக் குறிக்கிறார். அந்த நிமிடத்திலிருந்து இலவச நேரம் ஓடுகிறது. அதற்குள் லோடு முடியாவிட்டால் டெமரேஜ். வேகனுக்கு, மணிக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம். மூட்டை மேடையிலேயே தேங்கினால் அதற்குத் தனியாக வார்ஃபேஜ்.

நிஜமாகவே ஆட்டம் சூடுபிடிப்பது இங்கேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிளார்க் ஒரு சீட்டை எடுக்கிறார். ‘லாரி வரவில்லை, ஒரு மணி தாமதம்.’ ‘மழை, கதவுகளை மூடு, தார்ப்பாய் போடு.’ ‘ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல், இந்த லாரி திரும்பிப் போகிறது.’ குறுவைக்கு இந்த மழைச் சீட்டுகளைக் கூடுதலாகப் போடுவோம். அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று உரசுகிற நேரம் அது. சம்பாவுக்கு மழைச் சீட்டு ஒன்றிரண்டு போதும். ‘சாக்கு தட்டுப்பாடு’ என்று ஒரு சீட்டு போட்டேன், ஒரே ஆட்டத்தில் மூன்று முறை வந்தது. வந்திருந்த திருவாரூர் நண்பர், “இது ஒண்ணுதான்யா அசல்” என்றார்.

லோடு முடிந்ததும் கதவு மூடி சீல். ரயில்வே ரசீது எழுத வேண்டும். இரண்டு துண்டையும் சேர்த்ததும் டி.எக்ஸ்.ஆர். ஆட்கள் (வேகன்களைப் பரிசோதிப்பவர்கள்) பார்த்து பிரேக் பவர் சான்றிதழ் தர வேண்டும். காற்றுக் குழாயில் ஐந்து கிலோ அழுத்தம் ஏறி அது கடைசி பிரேக் வேன் வரை போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதற்காக லோகோ பைலட் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எங்கள் விதி. புதிதாக வருகிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தில் நெளிவதைப் பார்க்க வேண்டும். கடைசி வண்டியில் எல்.வி. பலகை (இதுதான் கடைசி வண்டி என்ற அடையாளம்) இருக்கிறதா என்று பார்த்தபின் ஸ்டார்ட்டர், அதாவது கிளம்பும் சிக்னல், கேட்கலாம். பாசஞ்சர் போகாத வரை கிடைக்காது.

டெமரேஜ் கட்டியவர் அன்றைய டீ, வடைக்குப் பொறுப்பு. எங்கள் கணக்கில் இதுவரை அதிகம் கட்டியது நான்தான்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை ஏன் வைத்தீர்கள்?

பழிதீர்க்க. மன்னார்குடி கிளைப்பாதை 2011-ல் மீண்டும் திறந்தபின், அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ரயில் நீடாமங்கலத்தில் என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். நெல் ரேக் என்றால் இன்னும் நீளமான வேலை. கேட் மூடிவிடும், சாலையின் இரண்டு பக்கமும் பஸ்களும் லாரிகளும் நிற்கும். அந்த வரிசையில் ஒரு மே மாத மதியம் நானும் நின்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு லேஅவுட்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. என்ஜின் சுற்றிப் போக ஒரு லூப், பாதையைக் குறுக்கே வெட்டும் ஒரு சாலை, அவ்வளவுதான். கேட் மூடினால் ஒரு மணற்கடிகாரத்தைக் கவிழ்க்கிறோம். மணல் தீர்வதற்குள் என்ஜின் சுற்றி வந்து மாட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்வதற்கு ரயிலை எங்கே நிறுத்த வேண்டும், எதை முதலில் நகர்த்த வேண்டும் என்று யோசித்தே ஆக வேண்டும். வட்டமாகச் சுற்றும் ரயிலில் இந்த யோசனைக்கு வேலையே இல்லை.

திரும்பும்போது ரேக் காலியாகத்தான் வருமா?

காலியாகவும் வரலாம், உரத்தோடும் வரலாம். யூரியா, டி.ஏ.பி. மூட்டைகள் டெல்டாவுக்கு இதே வகை மூடிய வேகன்களில்தான் வந்து இறங்குகின்றன. நடவு தொடங்கும் மாதங்களில் உரம் உள்ளே, அறுவடை மாதங்களில் நெல் வெளியே. இதைப் பிடித்துக்கொண்டால் ஒரே எட்டு வேகனுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும். சிமென்ட்டும் சர்க்கரையும்கூட இவற்றில் போகும். வேகனுக்குப் பழுப்பு அடித்தபின் கதவோரம் லேசாகச் சாம்பல் தூசி தேய்த்துவிடுங்கள், போன தடவை சிமென்ட் ஏற்றியது தெரியட்டும். உரமோ சிமென்ட்டோ வந்த வேகனைக் கூட்டிச் சுத்தம் செய்யாமல் அரிசி ஏற்ற முடியாது. எங்கள் ஆட்டத்தில் அதற்கும் ஒரு சீட்டு உண்டு.

ஷெட் மேடையில் நிஜ நெல்லைத் தூவலாமா?

வேண்டாம். ஆறு மில்லிமீட்டர் அரிசி இந்த அளவில் அரை மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு தலையணை. அது தெரிந்தும் ஆரம்ப நாளில் கால்படி சீரகச் சம்பாவைத் தூவி வைத்தேன். மூன்றாம் நாள் எலி வந்தது. நெல்லைத் தின்றதோடு போகவில்லை, சிக்னல் ஒயரையும் ருசி பார்த்தது. மிச்சத்தில் வண்டு பிடித்தது. சிந்திய நெல்லுக்கு மரத்தூளை மாவுச் சல்லடையில் சலித்து மஞ்சள் காவி கலந்து தூவுங்கள். அதன்மேல் நான்கு புறா, ஓரமாகத் துடைப்பத்தோடு ஒரு பெண்.

மூட்டைகளை எதில் செய்வது?

எம்-சீல் அல்லது காற்றில் காயும் களிமண். மூட்டை பத்துக்கு ஆறு மில்லிமீட்டர் இருந்தால் சரி. மெல்லிய கயிறாக உருட்டி, துண்டு போட்டு, நுனிகளை விரலால் கிள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியை மேலே அழுத்தினால் சணல் நெசவு பதியும். காய்வதற்கு முன்பே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட வேண்டும், அப்போதுதான் கீழ் மூட்டை நசுங்கி மேல் மூட்டை தொய்ந்து உட்காரும். தனித்தனியாகக் காயவைத்து அடுக்கினால் செங்கல் சூளை மாதிரி இருக்கும். எனக்கு 600 மூட்டைக்கு ஒரு மழைக்காலம் போனது. அது அரை வேகனுக்குத்தான் காணும்.

வேகன் அடிக்கடி தடம் புரள்கிறது.

எடை போதவில்லை. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.-வின் பரிந்துரைப்படி பி.சி.என்.ஏ. நீள வேகன் சுமார் 120 கிராம் இருக்க வேண்டும். கையால் செய்த வேகன்கள் 60-ஐத் தாண்டாது. உள்ளே நட்டு, போல்ட்டை ஒட்டி நிரப்புங்கள், மூடிய வேகன்தானே. கப்ளருக்குக் காடீ (Kadee) நிறுவன வகை போதும். நிஜ பி.சி.என்.-லும் நடுக் கப்ளர்தான், பஃபர் கிடையாது.

டி.சி.சி. (டிஜிட்டல் முறையில் என்ஜினைக் கட்டுப்படுத்துவது) அவசியமா?

ஒரு என்ஜின் இருக்கும் வரை இல்லை. ஆனால் நிற்கிற என்ஜின் உறுமிக்கொண்டே நிற்க வேண்டும் என்றால் ஒலியோடு கூடிய டி.சி.சி. வேண்டும். நம் ரயில் அதிகமும் நிற்கிற ரயில் என்பதால் நான் வாங்கிவிட்டேன். ஸ்விட்ச், ஒயர், சர்வோ மோட்டார் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடியும்.

சென்னையில் நிஜத்தை எங்கே பார்க்கலாம்?

மின்சார ரயில் ஜன்னலோரம். கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை யார்டுகள் பக்கத்திலேயே விரியும். பி.சி.என். வரிசை எப்படியும் கண்ணில் படும். ஆவடியில் உணவுக் கழகக் கிடங்கு இருக்கிறது, அந்தத் தடத்திலும் மூடிய வேகன்களைப் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் யார்டுக்குள் இறங்காதீர்கள், கேமராவையும் தூக்காதீர்கள். கண்ணால் பார்த்து வீட்டுக்கு வந்து வரைவது நல்ல பழக்கம். கதவுத் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது, துரு எங்கிருந்து வழிகிறது, சாக்பீஸில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் வரையும்போதுதான் மனதில் ஏறும்.

சென்னைக் காற்றுக்குத் தண்டவாளம் தாங்குமா?

எஃகுத் தண்டவாளம் தாங்காது, நிக்கல் சில்வர் வாங்குங்கள். பலகைக்கு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், நவம்பரில் ஊதிவிடும். நல்ல பிளைவுட் போட்டு, அடியிலும் வார்னிஷ் அடியுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தை ஒருமுறை துடைத்தால் போதும். ஷெட் லைனை மட்டும் இரண்டு முறை துடையுங்கள். அங்கேதான் ரயில் அதிக நேரம் நிற்கிறது.